தொழில் அமைப்பும் நாட்டின் வளர்ச்சியும்: தென்கொரியாவை முன்வைத்து ஒரு விவாதம்

நெய்தல்வாணன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு நாட்டின் வளர்ச்சியைப் பேசும்போது மொத்த உற்பத்தி இந்த ஆண்டு எத்தனை சதவிகிதம் கூடியது என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த உற்பத்தி எந்தெந்தத் தொழில்களிலிருந்து வருகிறது, அவற்றில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்கு என்ன கொடுத்து என்ன வாங்குகிறது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. என் கருத்தில் முதலில் கேட்கப்பட வேண்டியவை இவைதாம். வெறும் கோட்பாடாகப் பேசினால் விவாதம் எங்கெங்கோ போய்விடும் என்பதால் தென்கொரியாவை எடுத்துக்கொள்கிறேன்.

1953-இல் கொரியப் போர் நின்றபோது அந்நாட்டின் கனிமச் சுரங்கங்களும் நீர்மின் நிலையங்களும் பெரிய உரத் தொழிற்சாலையும் பெரும்பாலும் வட எல்லைக்கு அப்பால் போயிருந்தன. 1960-களின் தொடக்கத்தில் அங்கே தலா வருமானம் ஆண்டுக்குச் சுமார் 100 டாலர்தான். 1963-இல் வேலையில் இருந்தவர்களில் ஏறத்தாழ 63 சதவிகிதம் பேர் வேளாண்மையையும் மீன்பிடிப்பையும் நம்பியிருந்தார்கள். ஆலைகளில் இருந்தவர்கள் சுமார் 8 சதவிகிதம். 1980-இல் வேளாண்மையின் பங்கு 34 சதவிகிதமாகவும், 1990-இல் 18 சதவிகிதமாகவும் இறங்கியது. ஆலைத் தொழிலாளர்களின் பங்கு 1980-களின் இறுதியில் 27 சதவிகிதத்தை எட்டியது. ஐரோப்பிய நாடுகளில் பல தலைமுறைகள் பிடித்த இடமாற்றம், வயலில் பிறந்த ஒருவர் தம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவதற்குள் அங்கே நடந்து முடிந்தது.

குறைந்த விளைச்சலில் முடங்கிக் கிடக்கும் உழைப்பு, கூடுதல் விளைச்சல் தரும் தொழிலுக்குப் போவதே வளர்ச்சியின் அடிப்படை என்று பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதினார். அது சரிதான் என்றாலும் கொரியாவைப் பொறுத்தவரை அது பாதிக் கதையே. 1960-களில் அவர்கள் ஏற்றுமதி செய்தவை ஒட்டுப்பலகை, பின்னலாடை, பொய்முடி ஆகியவை. 1973 ஜனவரியில் எஃகு, இரும்பல்லாத உலோகங்கள், இயந்திரங்கள், கப்பல், மின்னணுவியல், பெட்ரோ ரசாயனம் ஆகிய ஆறு துறைகளில் இறங்கப் போவதாக அரசு அறிவித்தது. 1980-களின் நடுவிலோ ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அந்தத் துறைகளிலிருந்தே வந்தது. வயலிலிருந்து ஆலைக்குப் போவது ஒரு நகர்வு. ஓர் ஆலையிலிருந்து அதைவிடக் கடினமான இன்னோர் ஆலைக்குப் போவது இரண்டாவது நகர்வு. முதலாவதோடு நின்றுபோன நாடுகள் பல. இரண்டாவது நகர்வை எது நடக்க வைக்கிறது என்பதே நான் இங்கே வைக்கும் கேள்வி.

பொருளியல் மாணவி

ஐயா, தொடக்கத்திலேயே ஒரு தடை எழுப்ப வேண்டியிருக்கிறது. வருமானம் உயர்ந்தால் மக்கள் உணவுக்குச் செலவிடும் பங்கு தானாகக் குறைகிறது; துணி, பாத்திரம், வீட்டுச் சாமான், வாகனம் ஆகியவற்றுக்கான பங்கு கூடுகிறது; இன்னும் உயர்ந்தால் கல்வி, மருத்துவம், பயணம் என்று சேவைகளுக்குப் போகிறது. அப்படியானால் தொழில் அமைப்பு மாறுவது வளர்ச்சியின் விளைவாகவும் இருக்கலாமே? காய்ச்சல் அளவுமானியில் எண் இறங்கியதால் காய்ச்சல் குணமாயிற்று என்று சொல்வதைப் போல நாம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

எண்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தேசியக் கணக்குகளில் தொழில் துறை என்ற தலைப்பின் கீழ் சுரங்கமும் எண்ணெயும் சேர்ந்தே வரும். அதன்படி பார்த்தால் குவைத்தும் சவூதி அரேபியாவும் மிகவும் தொழில்மயமான நாடுகளாகத் தெரியும். மறுபக்கம் நியூசிலாந்து ஆட்டு இறைச்சியையும் பால்பொருளையும் விற்றே நல்ல நிலையில் இருக்கிறது. ஆகவே ‘தொழில் துறையின் பங்கு’ என்ற ஒற்றை எண்ணால் எதையும் நிறுவ முடியாது. இரண்டாவது நகர்வு என்று நீங்கள் சொல்வது எந்த வழியாக நடக்கிறது என்று காட்டினால்தான் என்னால் ஏற்க முடியும்.

நெய்தல்வாணன்

நல்ல தடை. ஒற்றை எண் போதாது என்பதில் நானும் உடன்படுகிறேன். வழியைக் காட்டச் சொன்னீர்கள். போஹாங் நகரத்தையும் அதற்குத் தெற்கே அதே கடற்கரையில் இருக்கும் உல்சான் நகரத்தையும் பாருங்கள்.

போஹாங்கின் போஸ்கோ எஃகு நிறுவனம் 1968-இல் தொடங்கப்பட்டது. அதற்குக் கடன் தருவதாக இருந்த மேலைநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு பின்வாங்கிவிட்டது. அவ்வளவு ஏழை நாட்டுக்கு, தாதுவை உருக்குவது முதல் எஃகு உருட்டுவது வரை ஒரே இடத்தில் செய்யும் ஒருங்கிணைந்த எஃகாலை கட்டுப்படியாகாது என்பதே உலக வங்கியின் கருத்தாகவும் இருந்தது. இரும்புத் தாதுவும் கோக் நிலக்கரியும் வெளியிலிருந்து வர வேண்டிய நாட்டுக்கு அந்த அறிவுரை, அன்றைய கணக்கின்படி, தவறு என்று சொல்லிவிட முடியாது. 1965-இல் ஜப்பானோடு உறவைச் சீராக்கிய உடன்படிக்கையின் கீழ் 30 கோடி டாலர் நன்கொடையாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் வர இருந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து அந்த ஆலையைக் கட்டினார்கள். 1970 ஏப்ரலில் தொடங்கிய வேலை 1973-இல் முடிந்து, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் எஃகு உற்பத்தித் திறனோடு ஆலை இயங்கத் தொடங்கியது. நான் கவனிக்கச் சொல்வது ஒரு சிறு விவரத்தை: தாதுவை உருக்கும் ஊதுலை எரியத் தொடங்குவதற்கு முன்பே, 1972-இல், கனத்த தகடு உருட்டும் ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. கனத்த தகடு முதன்மையாக எதற்கு வேண்டும்? கப்பலுக்கு.

அதே 1972-இல் உல்சான் கடற்கரையில் ஹூண்டாய் நிறுவனம் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டியது. தளம் எழுவதற்கு முன்பே, கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவரிடமிருந்து சுமார் 2.6 லட்சம் டன் கொள்ளளவுள்ள இரண்டு எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆர்டர் வாங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் தளம் தோண்டப்பட, மறுபக்கம் கப்பலின் பாகங்கள் வெட்டி ஒட்டப்பட்டன. வரைபடம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அதற்குள் 1973-இன் எண்ணெய் நெருக்கடி வந்து, உலகில் எண்ணெய்க் கப்பல்களைக் கேட்பாரில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் சில கப்பல்களை எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். அப்படித் தேங்கிய கப்பல்களை வைத்தே 1976-இல் ஒரு கப்பல் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1978-இல் கப்பல் எஞ்சின் செய்வதற்கென்றே தனி நிறுவனம் வந்தது.

எஃகு கப்பலைக் கேட்டது. கப்பல் எஞ்சினைக் கேட்டது. எஞ்சின் வார்ப்படத்தையும் (உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்யும் பாகம்) கடைசல் இயந்திரத்தையும் கேட்டது. ஒரு தொழில் தனக்கு முன்னும் பின்னும் உள்ள தொழில்களை இப்படி இழுத்துக்கொண்டு வருவதையே பொருளியலாளர் ஹிர்ஷ்மன் 1958-இல் பிணைப்புகள் என்று விளக்கினார். எண்ணெய்க் கிணற்றுக்கு இந்தப் பிணைப்பு குறைவு. அதனால்தான் குவைத்தைப் பற்றி நீங்கள் சொன்னது என் வாதத்துக்கே துணை நிற்கிறது. உற்பத்தி பெருகப் பெருகக் கற்றல் கூடுவதும் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் உயர்வதும் ஆலைத் தொழிலில் மற்றத் துறைகளைவிட வலுவாக நடக்கின்றன என்று இன்னொரு பொருளியலாளர் கால்டோர் 1966-இல் வாதிட்டார். நுகர்வோர் எதை விரும்புகிறார்கள் என்பதிலிருந்து மட்டும் இந்தக் கற்றல் வந்துவிடாது. 1972-இல் கொரிய மக்களில் யாரும் எண்ணெய்க் கப்பல் வாங்கும் நிலையில் இல்லை.

கொங்கு வார்ப்படம்

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். கோவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். பிணைப்பு என்று நெய்தல் ஐயா சொல்வதைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் முதலில் வந்தது நூற்பாலை. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை ஓடினால் பல்சக்கரம் தேயும், உருளை உடையும். ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பட்டறைகள் உதிரிபாகம் செய்யத் தொடங்கின. அதே மின்சாரம் கிணற்றில் பம்பு ஓட்டவும் வந்ததால் மோட்டார் வேண்டியிருந்தது, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வந்து நூற்பாலை இயந்திரத்தையே முழுதாகச் செய்யத் தொடங்கியது. மோட்டாரின் வெளிக்கூடும் பம்பின் உடலும் வார்ப்படம்தான், ஆகவே எங்களுக்கு வேலை. யாரும் மேலிருந்து திட்டம் போடவில்லை; ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.

கொரியாவுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் நிறுவனம் பதிந்து, 1998-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே விட்டது. அதன் பிறகு கார் நிறுவனங்களுக்குப் பாகம் கொடுப்பவர்களுக்கு அடுத்த படியில் நின்று நாங்களும் சிறு பிராக்கெட்டுகள் வார்த்துக் கொடுக்கத் தொடங்கினோம். பம்புக்கு வார்க்கும்போது நூற்றுக்கு ஐந்து ஆறு உருப்படி கழிந்தால் உருக்கி மறுபடி ஊற்றிவிடுவோம், யாரும் கேட்கமாட்டார்கள். காருக்கு அது நடக்காது. பத்து லட்சம் உருப்படிக்கு எத்தனை பழுது என்றுதான் கணக்கு. ஒரு பிராக்கெட்டில் ப்ளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்று அடைத்து விழும் ஓட்டை) வந்துகொண்டே இருந்தது. தணிக்கைக்கு வந்தவர் வார்ப்பைப் பார்க்கவே இல்லை. நேராக அச்சுக்கான மணல் அரைக்கும் மில்லுக்குப் போய், காலை ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் மணலின் ஈரம் எவ்வளவு என்று எழுதிவைத்த தாளைக் கேட்டார். எங்களிடம் தாளே இல்லை. அச்சு செய்யும் பழைய மோல்டர் கையில் மணலைப் பிடித்து, உடைத்துப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் அளவு. ஈரம், கெட்டித்தன்மை, உலோகத்தின் சூடு என்று மணிக்கணக்கில் குறித்துவைக்கக் கற்றுக்கொண்டோம், கழிவு குறைந்தது. இப்போது அதே ஒழுங்கில்தான் பம்பு வார்ப்பும் நடக்கிறது. கடினமான வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் எளிய வேலையும் சேர்ந்து தரம் உயர்கிறது. மாணவி கேட்ட ‘வழி’ இதுதான் என்று நினைக்கிறேன் அம்மா.

இணுவில் வாசகர்

கொங்கு ஐயாவின் பதிவுக்கு நன்றி. இலங்கையிலிருந்து ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன். 1960-ஆம் ஆண்டளவில் இலங்கையின் தலா வருமானமும் தென்கொரியாவினதும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தன. எழுத்தறிவிலும் பொதுச் சுகாதாரத்திலும் நாங்கள் பின்தங்கியிருக்கவில்லை. எங்கள் ஏற்றுமதி தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலும் தங்கியிருந்தது. தேயிலை விற்ற காசில் அரிசியும் சீனியும் துணியும் வந்தன.

கைத்தொழில் முயற்சி இல்லாமல் இருக்கவில்லை. காங்கேசன்துறையில் சீமெந்து, ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் காகிதம் என்று 1950-களில் அரசு ஆலைகள் எழுந்தன. பரந்தனில் எரிசோடாவும் குளோரினும் வந்தன. ஒன்றோடொன்று கோர்த்து வளர்ந்திருக்கக்கூடிய ஆலைகள் அவை. போர் அவற்றை அழித்தது என்பது உண்மை. ஆனால் போருக்கு முன்னரும் அவற்றைச் சுற்றி இரண்டாம் சுற்றுத் தொழில்கள் போதிய அளவு எழவில்லை. உள்நாட்டுச் சந்தையோடு நின்றுவிட்டமையே அதற்கு முக்கிய காரணம் என்பது என் எண்ணம்.

1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது; 1978-இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகி, ஏற்றுமதி வருமானத்தில் தேயிலையை முந்தின. நெய்தல்வாணன் சொல்லும் முதல் நகர்வு இது. துணியில் பெரும்பகுதி, நூல், இயந்திரம் எல்லாம் வெளியிலிருந்து வந்தன. தைப்பது மட்டும் எங்களுடையது. தரத்தில் எங்கள் ஆடைகள் உலகில் நல்ல பெயர் எடுத்தவை. அந்தத் தொழிலாளரையோ நிறுவனங்களையோ நான் குறைசொல்லவில்லை. ஆனால் பல பத்தாண்டுகள் ஒரே படியில் நின்றோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தபோது வரிக்குறைப்பு, உர இறக்குமதித் தடை, பெருந்தொற்று என்று பல காரணங்கள் பேசப்பட்டன, எல்லாம் உண்மை. டொலர் உழைக்கும் தொழில்கள் ஒன்றிரண்டாகவே இருந்தமை அவற்றுக்கெல்லாம் அடியில் கிடந்த காரணம்.

ஆவடிக்காரர்

இதுவரை எஃகும் கப்பலும் பேசினோம். அவற்றில் வேலை செய்தவர்களை யாரும் பேசவில்லை. நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன்.

நெய்தல் அவர்கள் ஒரு வரியில் கடந்துபோன பின்னலாடையும் பொய்முடியும் யாருடைய உழைப்பு? நாட்டுப்புறத்திலிருந்து சியோலுக்கு வந்த இளம்பெண்களின் உழைப்பு. அங்கே ‘அமைதிச் சந்தை’ என்ற கட்டடத்தில் தையல் பட்டறைகள் இருந்தன. நிமிர்ந்து நிற்க முடியாதபடி, ஒரு தளத்தையே இரண்டாகப் பிரித்துப் பரண் கட்டி, அதில் பெண்பிள்ளைகளை உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். நாட்டில் தொழிலாளர் சட்டம் இருந்தது, நடைமுறையில் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று சொன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி அந்தச் சட்டப் புத்தகத்தை எரித்துத் தன்னையும் எரித்துக்கொண்டார்.

தொழில் அமைப்பின் மாற்றம் எப்படி அரசியலாக வெடிக்கிறது என்பதற்கு 1979-ஐப் பாருங்கள். கனரகத் தொழிலுக்கு அரசின் கடன் போன காலத்தில் பொய்முடித் தொழில் நலிந்துகொண்டிருந்தது. ஒய்.எச். என்ற பொய்முடி நிறுவனம் மூடப்பட்டதும் அதன் பெண் தொழிலாளர்கள் ஆகஸ்டில் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அமர்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அவர்களை இழுத்து வெளியேற்றியபோது ஒரு பெண் இறந்தார். அதைத் தொடர்ந்து எதிர்க்கட்சித் தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டார், பூசானிலும் மாசானிலும் கிளர்ச்சி எழுந்தது, அக்டோபரில் அதிபர் பார்க் சுங்-ஹீ தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பழைய தொழிலிலிருந்து புதிய தொழிலுக்கு நாடு நகர்கிறது என்று எழுதுவது எளிது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குக் கப்பல் தளத்தில் வேலை கிடைத்திருக்கும்?

கூலி உயர்ந்தது எப்போது? 1987 கோடையில் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவிய பிறகு. அவற்றின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று உல்சானில் கப்பல் எஞ்சின் செய்த அதே ஹூண்டாய் ஆலையில் உருவான சங்கம். அதன் பிறகு சில ஆண்டுகளுக்குக் கூலி இரட்டை இலக்க வேகத்தில் ஏறியது. ஆகவே தொழில் அமைப்பு மாறினால் வளர்ச்சி வரும் என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த விளைச்சல் உழைத்தவர் வீட்டுக்கு வந்து சேர்வது தனிப் போராட்டம்.

பொருளியல் மாணவி

ஆவடிக்காரர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: போருக்குச் சற்று முன்பும் போர்க்காலத்திலும் கொரியாவில் நிலச் சீர்திருத்தம் நடந்தது, ஒருவர் ஏறத்தாழ மூன்று ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்க முடியவில்லை. குத்தகை விவசாயிகள் சொந்த நிலம் பெற்றதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். படித்த பிள்ளைகளையே ஆலைகள் எடுத்துக்கொண்டன.

கொங்கு ஐயா சொன்ன மணல் ஈரக் கணக்கைப் படித்த பிறகு கற்றல் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் இந்தியா இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், 1956-இலேயே, பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று எஃகாலைகளில் இறங்கிவிட்டது. போஹாங்குக்குப் பல ஆண்டுகள் முந்தியவை அவை. பிணைப்புகளே காரணமென்றால் நாம் அல்லவா முன்னால் போயிருக்க வேண்டும்?

நெய்தல்வாணன்

இந்த இழையின் கடினமான கேள்வி இது. எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கொரிய அரசு வங்கிகளை 1961-லேயே தன் கைக்குள் கொண்டுவந்தது. மலிவான கடனைத் தான் தேர்ந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தது. இதுவரை, தொழில் தொடங்கவே அரசின் அனுமதி கேட்ட இந்தியாவின் உரிம முறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் அரசின் தயவே முதலாளிக்கு மூலதனம். வேறுபாடு அதற்கு ஈடாகக் கேட்கப்பட்டதில் இருக்கிறது. ஏற்றுமதி இலக்கை எட்டினாயா என்று அங்கே கேட்டார்கள். அதிபரே தலைமை தாங்கிய மாதாந்தர ஏற்றுமதிக் கூட்டத்தில் துறைவாரியாகக் கணக்குப் பார்த்தார்கள். 1964-இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-இல் 1,000 கோடியானது. உள்நாட்டுச் சந்தையைப் பாதுகாத்துக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ள விடவில்லை.

நம் அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். 1950-களின் இறுதியில் வந்த அந்த வண்டி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அடிப்படையில் அதே உருவத்தில் தயாரானது. ஹூண்டாய் 1975-இல் போனி காரைத் தொடங்கி, 1986-இல் எக்ஸல் என்ற காரை அமெரிக்காவில் விற்றது. இந்தியப் பொறியாளர்களுக்குத் திறமை குறைவென்று இதற்குப் பொருளில்லை. அம்பாசடரை வாங்கியவர்களுக்கு வேறு வழி இல்லை. எக்ஸலை வாங்கியவர்களுக்கு இருந்தது. கொங்கு ஐயாவின் தணிக்கைக்காரர் செய்த வேலையைக் கொரியாவுக்கு உலகச் சந்தை செய்தது.

இன்னொன்றையும் நாம் பேசுவதே இல்லை. இந்தியா கனரகத் தொழிலில் இறங்கியபோது, பல கோடிப் பேருக்கு வேலை தந்திருக்கக்கூடிய எளிய தொழில்களைச் சிறு அளவிலேயே நிறுத்தி வைத்தது. 1967 முதல் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் பிறகு 800-ஐத் தாண்டியது. ஆயத்த ஆடையும் அதில் இருந்தது. நோக்கம் நல்லது. ஆனால் பெரிய ஆடை ஆலை எழ வழியில்லாமல் போய்விட்டது. முதல் நகர்வு முழுமையாக நடக்கவில்லை. இரண்டாவது நகர்வை மட்டும் சில தீவுகளில் நடத்தினோம். அதன் விளைவு இன்றும் இருக்கிறது: உழைப்பவர்களில் ஏறத்தாழ 45 சதவிகிதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள், உற்பத்தியில் அதன் பங்கோ 18 சதவிகிதம் அளவுதான். பெங்களூரின் மென்பொருள் அந்த இடைவெளியை நிரப்பப் போதாது. 2014-இல் தொடங்கிய ‘மேக் இன் இந்தியா’ ஆலை உற்பத்தியின் பங்கை 25 சதவிகிதமாக்க இலக்கு வைத்தது. அது இன்னும் 15 முதல் 17 சதவிகிதத்துக்குள்ளேயே நிற்கிறது.

கொரியாவின் வழியையும் குறையில்லாததாக நான் காட்ட விரும்பவில்லை. 1970-களின் கடைசியில் மின்நிலைய இயந்திரங்கள் செய்யும் ஆலைகள் தேவைக்கு மேல் பெருகின. 1980-இல் பொருளாதாரம் சுருங்கியது, விலைவாசி ஒரே ஆண்டில் 28 சதவிகிதத்துக்கு மேல் ஏறியது, அரசு தலையிட்டுப் பல நிறுவனங்களை இணைத்தது. கடனில் வளர்ந்த பெருங்குழுமங்களின் கணக்கு 1997-இல் நாட்டையே கடன் கேட்டுப் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலில் நிறுத்தியது.

கொங்கு வார்ப்படம்

இப்போதைய நிலையைப் பற்றி ஒரு கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் இணைப்பு ஆலைகள் பெருகியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகளுக்கு வேலை, மகிழ்ச்சி. ஆனால் எங்கள் பட்டறையில் வாங்கும் சிஎன்சி இயந்திரத்தின் (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டுவது) உடல் பெங்களூரிலோ ராஜ்கோட்டிலோ எங்கள் ஊரிலோ தயாராகிறது. அதன் மூளையான கண்ட்ரோலர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும்தான் வருகிறது. நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?

நெய்தல்வாணன்

முதல் நகர்வின் நடுவிலும் இரண்டாவதன் தொடக்கத்திலும் ஒரே நேரத்தில் நிற்கிறோம் என்பேன். கொரியா ஏறிய காலத்தைவிட இன்று முதல் நகர்வே கடினமாகிவிட்டது. பிற்பாடு தொழில்மயமாகும் நாடுகளில் ஆலை வேலையின் பங்கு முன்னைவிடக் குறைந்த உயரத்திலேயே, குறைந்த வருமானத்திலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது என்று பொருளியலாளர் டானி ரோட்ரிக் காட்டியிருக்கிறார். இயந்திரம் ஆளைக் குறைத்துவிட்டது. சீனா சந்தையை நிரப்பிவிட்டது. ஆகவே இணைப்பு ஆலைகளில் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் வேலையைச் சிறிதென்று ஒதுக்க மாட்டேன்.

கண்ட்ரோலரைப் பற்றிக் கேட்டீர்கள். சாம்சங் 1983-இல் 64 கிலோபிட் நினைவகச் சில்லை (மெமரி சிப்) செய்து காட்டி, பிறகு அந்தத் துறையில் உலகின் முதலிடத்துக்கே போனது. ஆனாலும் 2019 ஜூலையில் ஜப்பான் மூன்று மூலப்பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது (ஹைட்ரஜன் ஃபுளோரைடு, ஒளியுணர் பூச்சு, ஃபுளோரின் கலந்த பாலிஇமைடு) சில்லு ஆலைகள் பதறிப்போயின. அதன் பிறகே உள்நாட்டு ரசாயன நிறுவனங்களைத் தேடிப் போய் முன்பணமும் சோதனை வசதியும் கொடுத்து அவற்றை அங்கேயே செய்யும் வேலை வேகம் பிடித்தது. செல்போன் இணைப்பு ஆலைகளுக்குத் தரும் ஊக்கத்தொகையில் ஒரு பங்கை, உங்கள் ஊரில் கண்ட்ரோலரும், அதன் கட்டளைப்படி துல்லியமாக நகர்த்தும் சர்வோ மோட்டாரும் செய்ய முன்வருகிறவர்களுக்கு, ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தால் என்ன நடக்கும் என்று கோவையின் இயந்திரத் தொழிலில் இருப்பவர்கள் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.